எழுதியாச்சு

புன்டா அரினாஸில் காற்று முற்றும் நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டிவைக்கிறார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
அப்படியொரு செவ்வாய்க்கிழமை, நாலு இருபதுக்கு,
கரண்ட் போனது.

சட்ட உதவி அலுவலகத்தின் மாடியறையில்
ஒத்திலியா நவேல்கின் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தாள்.
நண்டு ஆலை. குளிர்கிடங்கு.
அம்மோனியா. வெளியிலிருந்து சாத்திய கதவு.
இருட்டில் இன்னும் இரண்டு வாக்கியம் பேசிய பிறகுதான்
கணினி அணைந்ததைக் கவனித்தாள்.

மறுநாள் வட்டைத் திறந்தால்
கடைசிப் பதினோரு நிமிடம் இல்லை.
இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இரைச்சல்.

எல்லோரும் பூட்டைத்தான் திட்டினார்கள்.
மறையாக்கம் வேண்டாமென்று
அன்றைக்கே சொன்னேனே என்றார் கணக்கர்.
அன்றைக்கு அவர் எதுவும் சொல்லவில்லை.

மிர்னா குசானோவிச் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள்.
கடவுச்சொல் கேட்டது, கொடுத்தாள், திறந்தது.
வட்டின் தலைப்பகுதியைப் பழைய நகலோடு
வைத்துப் பார்த்தாள். எழுத்துக்கு எழுத்து ஒன்று.
பூட்டு நல்ல பூட்டு என்றாள்.
உள்ளே வந்து சேராத பொருளை
அது எப்படித் தொலைக்கும்?

வட்டுக்கு ஒரு சின்ன உள்ளங்கை உண்டு.
கேஷ் என்பார்கள். காசு அல்ல, கடன்.
கொடுத்ததை வாங்கி அதில் பொத்திக்கொண்டு
எழுதியாச்சு என்கும்,
பென்சிலைக் காதில் செருகிய கடைக்காரரைப் போல.
பிறகு ஆற அமர எழுதும்.
பெரும்பாலும் எழுதும்.
இப்போதே இறக்கு என்று மேலிருந்து ஆணை வந்தால் மட்டும்
இறக்கிவிட்டுத்தான் வாய் திறக்க வேண்டும்.
அது முறை.

நகலெடுத்து ஓரமாய் வைத்துவிட்டு
மிர்னா வட்டுக்கு எண்கள் ஊட்டினாள்.
ஒன்று, இறக்கு. இரண்டு, இறக்கு. மூன்று.
வந்த பதிலையெல்லாம் வேறொரு கணினியில் குறித்துக்கொண்டு
நடுவில் பிளக்கைப் பிடுங்கினாள்.
எழுதியாச்சு என்றது 40,912 வரை.
உள்ளே கிடந்தது 38,005.

ஏழு முறை.
நாலாவதிலிருந்து கணக்கரே பிடுங்கினார், ஆசையாக.

வட்டைப் பெட்டியிலிருந்து உருவி நேராக மாட்டினாள்.
சொன்னதும் இருந்ததும் ஒன்றாயின.
பெட்டி.
வரியில்லாச் சந்தையில் பன்னிரண்டாயிரம் பேசோவுக்கு வாங்கிய
அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் ஒரு சில்லு
ஆணையை வாங்கி விழுங்கிவிட்டு,
கீழே ஒரு வார்த்தை சொல்லாமல்
மேலே தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறது.
மூன்று வருடமாக.

பெட்டி குப்பைக்குப் போனது.
எதற்கும் இருக்கட்டுமென்று
வட்டின் உள்ளங்கையையும் மூடிவைத்தாள்.
இவ்வளவு மெதுவாகவா என்றார் வழக்கறிஞர் எலியானா.
இதுதான் அதன் கைவேகம்,
நீங்கள் இதுவரை பார்த்தது வாய்வேகம்
என்றாள் மிர்னா.

வெள்ளிக்கிழமைதான் படகு ஓடியது.
ஒத்திலியா போர்வெனிரிலிருந்து நனைந்து வந்தாள்.
மறுபடி சொல்லச் சொல்ல எலியானாவுக்கு நா எழவில்லை.
அவளே தொடங்கினாள்.
கிடங்கு. அம்மோனியா. கதவு.
சாத்தியவனின் பெயர்.

அந்தப் பெயரைச் செவ்வாய்க்கிழமை சொன்னாளா?
சொன்னாள் என்கிறார் எலியானா.
அவருடைய குறிப்பேட்டில் இல்லை.
"சொல்ல வாயெடுத்தேன்" என்றாள் ஒத்திலியா.
சற்று விட்டு,
"சொல்லிவிட்டதாகத்தான்
வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்."

அவள் பேசி முடித்தும்
வட்டின் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.
வெளியே கயிறுகள் விம்மின.
ஒத்திலியா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.
"எழுதியாச்சா?"

மிர்னா விளக்கைப் பார்த்தாள்.
"இன்னும் இல்லை. உட்காருங்கள்."